ஒன்பதாவது இதழ்

உஸ்பெக் நகரமான கோகந்தில் மரக்கூரையின் உட்புறத்துக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள் அதில் செதுக்கிய பூவின் இதழ்களை எண்ணுவதில்லை. எட்டு, பத்து, பன்னிரண்டு என்று எப்போதும் இரட்டைப்படைதான். நீலம், சிவப்பு, நீலம், சிவப்பு என்று கை தன்பாட்டுக்குப் போகும். ஹோசியத்தும் அப்படித்தான் சாரத்தில் மல்லாந்து படுத்தபடி ஏழு இதழ்களை முடித்தாள். எட்டாவதற்குச் சிவப்பைத் தொட்டுக்கொண்டு திரும்பியவள் தூரிகையை அப்படியே நிறுத்தினாள். எட்டாவதைத் தாண்டி இன்னும் ஒரு இதழ் மிச்சமிருந்தது.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. பன்னிரண்டு வருடமாக, உஸ்தா என்று எல்லோரும் கூப்பிடும் தலைமைக் கலைஞர் நோர்பாயிடம் பலகை தேய்த்தாள், வண்ணம் அரைத்தாள். மாலையில் மகளின் கட்டம் போட்ட நோட்டில் கூரை வடிவங்களை வரைந்து கலர் பென்சிலால் நிரப்புவாள். ஒரே நிறம் பக்கத்துப் பக்கத்தில் வரக்கூடாது, அது மட்டும்தான் விதி. எந்த வடிவம் இரண்டு நிறத்தோடு அடங்கும், எது மூன்றாவது கேட்டு அடம்பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதில் அவளுக்கு அப்படியொரு ஆனந்தம். "வேலையத்த வேலை" என்றான் அண்ணன். உஸ்தா மட்டும் ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டினார். மறுவாரமே துர்சுனலி வீட்டுக் கூரையின் நடுவட்டத்தை அவளிடம் ஒப்படைத்தார். சரியாக வந்தால், வழக்கமாக உஸ்தாவின் பெயர் போகும் ஓரப்பலகையில் அவள் பெயரையே எழுதலாம். கெட்டால் மறுபடி பலகைதான் என்று முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டார்.

நாளை துர்சுனலி மகளுக்குக் கல்யாணம். சீர் எல்லாம் ஒன்பது ஒன்பதாக வைப்பது ஊர் வழக்கம். அந்த ஆசையில் மனிதர் தச்சனைத் தனியாகக் கூப்பிட்டுப் பூவுக்கும் ஒன்பது இதழ் செதுக்கச் சொல்லியிருக்கிறார். அந்தத் தச்ச மகராசனோ யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"உஸ்தா, இது ஒன்பது!"

"என்னது ஒன்பது?"

"இதழு! ரெண்டு நிறத்துல வளையம் முடியாது. கடைசி நீலம் மொத நீலத்தோட ஒட்டிக்கும்."

"ஒட்டட்டுமே. புலாவு திங்க வர்றவன் தட்டப் பாப்பானா, கூரையப் பாப்பானா?"

"மாப்பிள்ளையோட அத்தைங்க கூரையத்தான் பாப்பாங்க."

"அப்ப அந்த ஒண்ண மஞ்சளாக்கு."

"எல்லாம் ஜோடியா நிக்க, ஒண்ணு மட்டும் தனியா நிக்கும் உஸ்தா. கல்யாண வீட்ல அதையா பாக்கணும்?"

அவர் முற்றத்துப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே அக்கம்பக்கத்து ஆண்கள் நாளைய புலாவுக்குக் காரட் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாலை அசர் தொழுகைக்குள் சாரத்தைப் பிரித்துக் கம்பளம் விரிக்க வேண்டும். இரண்டு மணி நேரம்கூட இல்லை.

ஹோசியத் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது என்றால் மூன்று மூன்று. நீலம், சிவப்பு, மஞ்சள் என்று மூன்று சுற்று. முதல் இரண்டும் ஏழாவதும் இருக்கிறபடி இருக்கட்டும்.

"நாலு இதழச் சுரண்டணும்."

"கிறுக்கா உனக்கு? மரம் பிஞ்சிடும்."

"பிஞ்சா பலகை தேய்க்கப் போறேன். மஞ்சள் வேணும் உஸ்தா."

கிழவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து மஞ்சள் அரைத்தார். அவர் கையால் வண்ணம் அரைத்து முப்பது வருடம் இருக்கும்.

அவள் சுரண்டினாள். ஐந்தாவது இதழில் ஒரு சிலாம்பு பெயர்ந்துவிட்டது. பசையும் சுண்ணாம்புப் பொடியும் வைத்து அடைத்தாள். தோள் மரத்துப்போனது. நீலம், சிவப்பு, மஞ்சள். முற்றத்தில் கத்திச் சத்தம் நின்று பாங்கொலி கேட்டபோது கடைசி இதழ் வெறுமையாக இருந்தது. ஓரப்பலகையும் வெறுமையாக இருந்தது. சாரத்தை ஆட்கள் அவிழ்க்க வந்துவிட்டார்கள்.

"அக்கா, எறங்குங்க. இதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது."

அவள் ஓரப்பலகையை ஒருமுறை பார்த்தாள். பிறகு தூரிகையை மஞ்சளில் தோய்த்தாள். கண்ணீர் காதோரம் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

கம்பளம் விரித்ததும் துர்சுனலி வந்து, கழுத்தை அண்ணாந்து ஒன்று முதல் ஒன்பது வரை சத்தமாக எண்ணினார். முகம் மலர்ந்தது.

"பேரக் காணோமே உஸ்தா, மறந்துட்டீங்களா?"

"மறக்கல. இவ பேரு போடணும். நேரமில்லாமப் போச்சு."

"ஒரு பேரு எழுத நேரமில்லையா? அவ்வளவு நீளமான பேரா?"

"நாலு இதழ் நீளம்," என்றாள் ஹோசியத்.

துர்சுனலி விழித்தார். நோர்பாய் மெதுவாக எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே சாரக் கம்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எறக்குங்கடா," என்றார். "கம்பளத்தையும் சுருட்டுங்க."