அக்காவைக் குனிய வைத்த ஸ்டூடியோ

நேற்று கோயிலில் கும்பிட்டு நிற்கையில், மேலே எரிந்த பெரிய பல்பின் சூட்டில் தூசி கருகிய வாடை வர, போடியில் இப்போது செல்போன் கடையாகிவிட்ட அந்த ஸ்டூடியோ ஞாபகம் வந்து, சாமி முன்னாலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது.

கறுப்புத் திரை, பவுடர் டப்பா, பல் உடைந்த சீப்பு, முகத்தைச் சுடுகிற இரண்டு லைட்டு என்று இருக்கும் அந்த அறையில், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற போட்டோ என்றால் எல்லாப் பெண்ணையும் ஒரே மாதிரிதான் உட்கார வைப்பார் ஸ்டூடியோக்காரர். ஏலத்தோட்டச் சரிவில் ஏறி இறங்கி, கங்காணியையே நேராகப் பார்த்துப் பேசுகிற என் அக்காவின் முகவாயை விரலால் அமுக்கி, "பார்வை திமிரா இருக்கு ஆத்தா, கீழ பாரு, அப்பத்தான் அடக்கம் தெரியும்" என்று ஒரு லைட்டை அணைத்து, மற்றதைத் துணி போட்டு மங்க வைத்தார். அம்மாவும், "அண்ணே சொல்றபடி கேளுடி" என்றாள்.

அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் தேவாரத்து மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தார்கள். கல்யாணமான மூன்றாம் மாதம் மாமியார் அக்காவை இழுத்துவந்து எங்கள் வாசலில் விட்டு, போட்டோவை நீட்டி, "இந்தப் புள்ளையத்தான கேட்டோம்? நீங்க அனுப்புனது எதுத்துல்ல பேசுது" என்று கத்தினார்.

அக்கா அவரை நேராகப் பார்த்து, "அவ ஸ்டூடியோவுலதான் இருப்பா அத்தே, வெரசாப் போய்க் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அன்றோடு அவள் கல்யாண வாழ்க்கை முடிந்தது. அந்த ஸ்டூடியோ ஆளை மன்னிக்கிற மனசைக் கொடு என்று ஆண்டவனிடம் கேட்க, இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.