எழுந்து நிற்கும் வியாதி

போன சனிக்கிழமை என் வீட்டுக்காரர் அடித்த கோல்ஃப் பந்து நேராகப் போயிற்று. இத்தனை மாதமாக நாள் பார்த்து இடத்துக்கும் வலத்துக்கும் ஓடிய பந்து! கோச் ரெஜினா கை தட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன். அடித்தவர் மட்டும் அது எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

கணக்கு ஆபீஸில் குப்பை கொட்டி ரிட்டயரானவருக்கு கோல்ஃப் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கல்யாணமான புதிதில், திருவனந்தபுரத்தில் கவடியார் பக்கம் ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் கோல்ஃப் மைதானத்துப் புல்வெளி மதிலுக்கு மேலே பச்சையாகத் தெரியும். இவர் வண்டியை மெதுவாக்குவார். ‘ஒரு நாள் உள்ள போயிப் பாக்கணும், கேட்டியா’ என்பார். தலையில் பிச்சிப்பூ பறந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நான் பின்னால் சிரிப்பேன். அந்த ஒரு நாள் வருவதற்குள் ஸ்கூட்டரை விற்றாயிற்று... பிச்சிப்பூ வைக்கிற அளவுக்கு எனக்குத் தலைமுடியும் இல்லை.

போனார். ஒரு வியாதியோடு போனார்.

குனிந்து நின்று மட்டையை வீசுகிற நொடியில் இடுப்பு முன்னால் வந்து, உடம்பு சட்டென்று நிமிர்ந்துவிடும். கற்றுக்கொள்கிற நிறையப் பேருக்கு உள்ள தப்புதானாம். மட்டை பந்தின் தலையை உரசிக்கொண்டு போகும், முதுகு பிடித்துக்கொள்ளும். ‘அங்கிள், பொங்கருது கேட்டோ!’ என்று ரெஜினா மலையாளத்தில் கத்துவாள் — மேலே எழும்பாதீர்கள் என்று அர்த்தம். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: நிமிர்வதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கோல்ஃபை நிறுத்துங்கள்.

ஆசைப்பட்டு வந்த மனுஷர் விடுவாரா? ரெஜினா சொன்ன வைத்தியத்தை வீட்டு ஹாலில் ஆரம்பித்தார். சுவருக்கு முதுகு காட்டி, பின்பக்கம் சுவரில் படும்படி நிற்க வேண்டும். இடுப்பில்தான் வளைய வேண்டும், முதுகு கூனக் கூடாது. வீசி முடிக்கிறவரை பின்பக்கம் சுவரை விட்டு வரவே கூடாது. கையில் மட்டைக்குப் பதில் என் குடை. பால் கொண்டுவந்தவர் வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

வீட்டில் நூற்றுக்கு நூறு. மைதானத்தில்தான் சில நாள் நன்றாக அடிப்பார், சில நாள் பழைய குருடி கதவைத் திறடி. ஏன்?

நான்தான் கண்டுபிடித்தேன். சொதப்புகிற நாளிலெல்லாம் மரத்தடி நாற்காலியில் நாயர் சார் இருப்பார். இவருடைய பழைய ஆபீசர். எண்பது தாண்டியவர், மகளோடு காற்று வாங்க வருவார். அந்தக் காலத்தில் அவர் செக்‌ஷனுக்குள் நுழைந்தால் இவர் எழுந்து நிற்பார். சாலைக் கடைவீதியில் எதிரே வந்தால், மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டுத்தான் கும்பிடுவார். இந்த ஊரில் மரியாதை என்றால் அதுதான். இப்போது போட்டிருப்பது பேன்ட். ஆனாலும் சார் கண்ணில் பட்டால் வீச்சின் பாதியில் உடம்பு நிமிரும். அடித்த கையோடு இடது கை தொடைக்குப் போகும் — இல்லாத வேட்டியை இறக்க!

‘இஞ்ச பாருங்க, சாரைக் கண்டாத்தான் நீங்க எந்திரிக்கிய.’

‘சும்மா கெட. அவரு முன்னால குனிஞ்சு பின்பக்கத்தக் காட்டிட்டு நிக்கச் சொல்லுதியா?’

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் இவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. என் மூத்தவள் பிறந்த அன்று, கொட்டுகிற மழையில் ஆட்டோ கிடைக்காமல் தவித்தபோது தன் அம்பாசிடரை அனுப்பியவர் சார். எழுந்து நிற்காமல் இவர் என்ன செய்வார்?

மழைக்காலம் முழுக்க சார் வரவில்லை. போன சனிக்கிழமைதான் வந்தார். இவர் ஓடிப்போய்க் கும்பிட்டார். சார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யார் இது என்று மகளிடம் கேட்டார்: ‘இதாரா மோளே?’

‘அச்சா, கணபதி அங்கிள். ஆபீஸிலே...’ அவள் இவர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். ‘அச்சனு இப்போ ஆரையும் ஓர்மையில்லா அங்கிள்.’ அப்பாவுக்கு இப்போது யாரையும் ஞாபகமில்லையாம்.

சார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். புதிதாக ஒருவரைச் சந்திக்கிற மரியாதையோடு இவரைக் கும்பிட்டார். இவர் பதறிப்போனார். ‘சார்... ஐயோ சார், இரிக்கணும்’ என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

பிறகு வந்து மட்டையை எடுத்தார். சார் அதே மரத்தடியில், இவரைப் பார்த்தபடிதான் இருந்தார். இவர் குனிந்தார், வீசினார். உடம்பு எழும்பவில்லை. கை தொடைக்குப் போகவில்லை. அந்தப் பந்துதான் நேராகப் போயிற்று.

‘சரியாயி அங்கிள்! எங்ஙனெ சாதிச்சு?’ என்று ரெஜினா குதித்தாள். இவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

காரில் வரும்போது கேட்டேன். ‘முதுகு வலிக்கா?’

‘இல்ல. இனிமே வலிக்காது’ என்றார். எனக்குத் தாங்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எழுந்து நிற்க நமக்கு மேலே ஓர் ஆள் இருக்கிறவரை நாம் சின்னவர்கள்தான் — போன சனிக்கிழமை இவருக்குச் சட்டென்று வயதாகிவிட்டது.