சமோசா தின்னாதவர்

கோவிந்தாபுரத்தில் எங்கள் டீக்கடையை ஒட்டிய தெருவில், மூன்று வீடுகளில் ஒரே நாளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. மூன்று வீட்டாரும் முந்தின நாள் மாலை எங்களிடம் சமோசா வாங்கியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்க அதுதான் பேச்சு. என் வீட்டுக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். சமோசாவுக்கு மசாலா வதக்குவது என் நாத்தனார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

சும்மா இருக்க முடியாமல், அதே சமோசாவைத் தின்றும் ஒன்றும் ஆகாதவர்களைத் தேடிக் கிளம்பினேன். நிறையப் பேர் இருந்தார்கள். ஓடிவந்து நாத்தனாரிடம் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை.

"நல்லா இருக்கறவங்க ஊட்டுக்கு மட்டும்தானே போன? கெட்டதத் தின்னாலும் சில பேருக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு. படுத்திருக்கறவங்க ஊட்டுல போய்க் கேக்கோணும், திங்காதவங்க யாருக்காச்சும் வந்திருக்கான்னு."

அங்கே போகத்தான் எனக்குக் கால் வரவில்லை. எல்லாரும் தின்றவர்களாகவே இருந்துவிட்டால்?

"எம் மசாலான்னா எம் மசாலாதான். தெரிஞ்சுக்கோணுமில்ல" என்று அவரே செருப்பை மாட்டினார்.

முதல் இரண்டு வீடுகளிலும் படுத்திருந்த அத்தனை பேரும் தின்றவர்கள். மூன்றாவது வீட்டில் ஓர் ஆள் கன்னம் வீங்கிக் கட்டிலில் கிடந்தார். முந்தின நாள்தான் பல் பிடுங்கியிருந்தாராம்.

"சமோசாவா? வாயே தொறக்க முடியலீங்க. பச்சத்தண்ணியக் குடிச்சுட்டுக் கெடந்தேன். எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு."

அவர் குடித்தது டேங்கர் லாரியில் வரும் தண்ணீர். திரும்பும் வழியிலேயே எல்லாரிடமும் சொல்லிவிடத் துடித்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தத் தண்ணீரைத் தெருவே குடிக்கிறது, எல்லாருக்குமா வந்தது, நிச்சயமாகத் தெரியாமல் நம்மைச் சொன்ன மாதிரியே அந்த லாரி டிரைவரைச் சொல்லலாமா என்று கேட்டார். சுகாதாரப் பணியாளரிடம் மட்டும் விவரம் சொன்னோம். அவர் எல்லாரையும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வரும்வரை கடை மூடியே கிடந்தது. யாராவது கதவைத் தட்டினால் முடிவுதான் வந்துவிட்டதோ என்று ஓடிப்போய்த் திறந்தேன். கடைசியில், தண்ணீரில்தான் கிருமி என்று தகவல் வந்தது. படுத்திருந்தவர்களும் எழுந்து நடமாடினார்கள். கடையைத் திறந்தோம்.

ஆட்கள் வந்தார்கள். ஆனால் முதல் வீட்டுக்காரர்கள் இன்றும் எங்களிடம் பாக்கெட் பிஸ்கட் மட்டும்தான் வாங்குகிறார்கள்.