புளூடூத் போட்டே கிடக்கட்டும்

புளூடூத்தை அணைக்காமல் விட்டால் போனில் சார்ஜ் இறங்குமா என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். இறங்கும், ஆனால் பொருட்படுத்துகிற அளவுக்கு இல்லை. எங்கள் வீட்டில் இதற்காக ஒரு சண்டையே நடந்திருக்கிறது.

எனக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். சர்க்கரை சடாரென்று இறங்கி ஓரிரு முறை மயங்கி விழுந்த பிறகு, சேலத்து டாக்டர் என் மேல்கையில் பொத்தான் போல ஒரு சென்சாரை ஒட்டிவிட்டார். சர்க்கரை இறங்கினால் அது புளூடூத் வழியாகப் போனுக்குச் சொல்லும், போன் அலறும். நைட்டியில் போன் வைக்க இடமில்லாததால், காட்டு வேலைக்குப் போகும்போது அதை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவேன்.

அவர் வடக்கே லாரி ஓட்டிவிட்டு, போன வருடம்தான் போதும் என்று இறங்கியவர். டீசல் மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரர். வண்டி நின்றால் எஞ்சினை அணைத்த பிறகுதான் மூச்சு விடுவார். அந்தக் கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. போனில் புளூடூத் குறியைக் கண்டால் உடனே அணைப்பார்.

"நிக்கற வண்டில எஞ்சின் ஓடுனா டீசல் குடிக்குமா, குடிக்காதா?"

"அது எஞ்சின் இல்லீங்க. போட்டே கெடக்கட்டுமுங்க."

தலையை மட்டும் நன்றாக ஆட்டுவார்.

மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்துவார்கள். அப்படியொரு நாள் மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்து வேப்பமரத்தடியில் என் போனோடு உட்கார்ந்திருந்தார். திடீரென்று எனக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கிக் களைக்கொத்து நழுவியது. போன் வாயே திறக்கவில்லை. கத்தினேனா முனகினேனா தெரியவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினார்.

தெளிந்ததும் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். புளூடூத் அணைந்திருந்தது. சென்சாரோடு தொடர்பு விட்டுப்போனதாகப் போன் கத்தியதையும் அவரே தட்டி அடக்கியிருக்கிறார்.

"என்னக் கொல்லப் பாத்தீங்களா?"

அவர் முகம் செத்துவிட்டது. "கரண்ட் இல்லியே புள்ள. சார்ஜ் தீந்துபோனா அலாரம் அடிக்காதேன்னுதான் அணைச்சேன்."

அலாரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அதன் கழுத்தையே நெரித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஆனால் சொல்லி நம்புகிற ஆள் இல்லை அவர். அடுத்த மாதம் கரண்ட் போன நாளில் நான் காட்டுக்குப் போகவில்லை. எங்கள் இருவருடைய போனும் ஒரே கடையில் ஒன்றாக வாங்கியவை, ஒரே மாதிரி. இரண்டிலும் முழுச் சார்ஜ் ஏற்றி, என்னுடையதில் புளூடூத் போட்டு, அவருடையதில் அணைத்து, கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. வீடியோ பார்க்க முடியாமல் அவர் தவித்தது தனிக்கதை. சாயங்காலம் பார்த்தால், என்னுடையதில் துளிதான் கம்மி.

மாற்றி மாற்றிப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"ஆமாங்க. நீங்க வீடியோ பாக்கறதுலதான் அத்தனையும் போகுதுங்க."

அதற்கப்புறம் அவர் புளூடூத்தைத் தொடுவதில்லை. கூடவே, அது கொஞ்ச தூரம்தான் எட்டும் என்றும் நான் சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து என் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வருகிறார். நான் களை வெட்டினால் வரப்பில் நிற்கிறார், துணி துவைத்தால் தொட்டியோரம் உட்காருகிறார். மாதக்கணக்கில் வீட்டுப் பக்கமே வராமல் ஓடிய மனிதர் இவர்.

"எட்டுதா புள்ள? இன்னும் பக்கத்துல வாரட்டுமா?" என்று அவ்வப்போது கேட்கிறார்.

நைட்டியில் ஒரு பை தைத்துக்கொண்டால் போனை நானே வைத்துக்கொள்ளலாம். தையல் மிஷின் வீட்டிலேயே இருக்கிறது. நான் தைக்கவில்லை.