ஆயில் குச்சியின் இரண்டு கோடுகள்

மருத்துவமனையின் மூன்றாம் வார்டில் அவளைச் "சார்ட் சிஸ்டர்" என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக அதே வார்டு. நோயாளி குடித்தது இவ்வளவு, ஊசி வழியாக ஏற்றியது இவ்வளவு, வெளியே போனது இவ்வளவு என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அவள் எழுதும் தாளில் அடித்தல் திருத்தல் இருக்காது. அவள் எழுதாத எதையும் நடந்ததாக அந்த வார்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அப்படிப்பட்டவள் நாற்பத்தொரு வயதில் கார் வாங்கினாள். ஒன்பது வருடம் ஓடிய சாம்பல் நிறச் சின்னக் கார். அதற்கு முன்னால் ஓட்டுநர் தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாம் தடவை தேறியிருந்தாள். கார் ஆசை என்று அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வாங்கியது தங்கைக்காக.

தங்கை அறுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில். இரண்டு வருடத்துக்கு முன் தங்கைக்கு முதல் பிரசவ வலி எடுத்தபோது, வாடகைக் கார் ஒரு மணி பத்து நிமிடம் தாமதமாக வந்தது. பிறந்த குழந்தை அழவே இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. இப்போது மறுபடி நிறைமாதம். குறித்த தேதிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. தங்கைக்கு விடுப்பு சனிக்கிழமை தொடங்குகிறது.

"சனிக்கிழமை காலையில நானே வந்து உன்னைக் கூட்டிட்டு வரேன். வாடகை வண்டியே வேண்டாம்" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

"நீயே ஓட்டிட்டா வரப்போற?" என்று தங்கை சிரித்தாள். பிறகு குரல் இறங்கிப்போய், "வந்துடுவ இல்ல, அக்கா?" என்றாள்.

கார் வீட்டுக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை. "போன வாரம்தான் ஆயில் மாத்தினேன், கண்ணை மூடிட்டு ஓட்டுங்க" என்றார் விற்றவர். கண்ணை மூடிக்கொண்டு அவள் சோறுகூடத் தின்றதில்லை. அன்று மதியமே கணவரை இழுத்துக்கொண்டு ஆயில் கடைக்குப் போனாள். கணவர் தையற்காரர். வீட்டு முன்னறையிலேயே கடை. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார்.

கடைச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை டப்பாக்கள். கடைக்காரர் ஒரு தடித்த டப்பாவை எடுத்து வைத்தார். "ஒன்பது வருஷ வண்டியா? ட்வென்டி ஃபிஃப்டி ஊத்துங்க. பழசுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்."

அவள் கைப்பையிலிருந்து காரின் கையேட்டை எடுத்து, காகிதம் செருகியிருந்த பக்கத்தைத் திறந்து வைத்தாள். "இதுல ஃபைவ் தர்ட்டின்னு போட்டிருக்கு. முதல்ல வர்ற எண் குளிர்ல எவ்வளவு சுலபமா ஓடும்னு சொல்லுது. பின்னால வர்றது சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்லுது. செஞ்சவனே எழுதிக் கொடுத்திருக்கான்."

"அது புது வண்டிக்கு எழுதினதும்மா."

"சீட்டுல என்ன இருக்கோ அதைக் கொடுங்க."

"இது என்ன மருந்துக் கடையா?" என்று கடைக்காரர் கணவரைப் பார்த்தார்.

"அவகிட்ட வாயைக் கொடுக்காதீங்க, அண்ணே. எனக்கு இருமல் மருந்தையே சிரிஞ்சுலதான் அளந்து ஊத்துவா" என்றார் கணவர்.

ஃபைவ் தர்ட்டியில் ஒரு லிட்டர் டப்பா வாங்கிக்கொண்டு வந்தார்கள். போதாததற்கு நூறு மில்லி கண்ணாடி அளவு ஜாடி ஒன்று, ஒரு நாற்பது பக்க நோட்டு.

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு முதல் அளவு. கையேட்டில் சொன்னபடி, எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி, எடுத்துப் பார்த்தாள். குச்சியின் நுனியில் இரண்டு கோடுகள். கீழ்க்கோடு குறைந்தபட்சம், மேல்கோடு நிறைவு. இரண்டுக்கும் இடையே இருபது மில்லிமீட்டர் என்று இரும்பு ஸ்கேல் வைத்து அளந்தாள். ஆயில் கீழ்க்கோட்டுக்கு மேலே ஆறு மில்லிமீட்டரில் நின்றது. போன வாரம் மாற்றிய ஆயில்! விற்றவரை மனசுக்குள் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, இருநூற்றைம்பது மில்லி அளந்து ஊற்றினாள்.

மதியம் இரண்டே காலுக்கு வேலை முடிந்து மருத்துவமனை வளாகத்தில் பானெட்டைத் திறந்தாள். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி மூன்று மில்லிமீட்டர். "வெயிலில் விரிந்திருக்கும்" என்று நோட்டில் எழுதினாள். எழுதிய பிறகுதான் அது அளவு இல்லை, ஊகம் என்று உறைத்தது. தன் தாளில் ஊகம் எழுதுவது பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

செவ்வாய் காலை ஆறு பத்து. ஆயில் மறுபடி நடுவுக்குப் பக்கத்தில், பதினொன்றில். ராத்திரியோடு ராத்திரியாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் காணோம். வண்டிக்கடியில் குனிந்து பார்த்தாள். தரையில் சொட்டுக்கூட இல்லை. இருநூற்றைம்பது ஊற்றினாள். மதியம் மருத்துவமனையில் பார்த்தால் மேல்கோட்டுக்கு மேலே எட்டு.

அன்றிரவு படுக்கும் முன் வண்டிக்கடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைத்தாள். புதன் காலையில் தாள் அப்படியே சுத்தமாக இருந்தது. குச்சியில் மட்டும் பதினாறு. ஒழுகவில்லை, புகையவில்லை, ஆனால் குறைகிறது. இருநூறு ஊற்றினாள்.

"ராத்திரி அது எழுந்து எங்கேயாவது போய்ட்டு வருதோ என்னமோ" என்றார் கணவர், ஊசியில் நூலைக் கோத்தபடி.

"விளையாடாதீங்க. பாதி வழியில ஆயில் இல்லாம எஞ்சின் இறுகி நின்னுடுச்சுன்னா?"

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "நீ கார்ல எண்ணெயா பாக்குற? நாலு நாளா சட்டினியில உப்பு இல்லை. சொன்னேனா? உனக்குத் தங்கச்சி பயம். அதை எந்தக் குச்சியை விட்டு அளப்ப?"

அவள் போய் இன்னொரு தடவை பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை போகும் வழியில் காரின் பின்னால் நீலப் புகை. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து எட்டிப் பார்த்து, "கொசுவுக்கு மருந்து அடிக்கிறீங்களா, மேடம்? எங்க தெருவுக்கும் கொஞ்சம் வாங்களேன்" என்றார். வார்டுக்குள் நுழைந்தபோது நெற்றி முழுக்க வியர்வை.

ஏழாம் படுக்கையில் இருந்தவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். சிறுநீரகத்தில் கல் எடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. இடுப்பிலிருந்து ஒரு குழாய் இறங்கிக் கட்டில் ஓரம் தொங்கும் பையில் முடியும். படுக்கையை விட்டு எழ முடியாத கடுப்பை எல்லாம் வாயில் காட்டுவார்.

"என்ன சிஸ்டர், முகம் ரேடியேட்டர் கொதிச்ச மாதிரி இருக்கு?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் ஆயில் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்ததுமே அவர் தலையணையைத் தூக்கி வைத்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார்.

"எழுத்து முத்து மாதிரி இருக்கு. ஆனா, காலையில எல்லாம் குறைவு, மதியம் எல்லாம் கூடுதல். ஆயில் எங்கேயாவது காலையில தூங்கி மதியம் எழுந்திருக்குமா?"

"அதான் புரியலை, ஐயா."

அவள் பேசிக்கொண்டே அவருடைய பையைப் பார்க்கக் குனிந்தாள். அது கோணலாகத் தொங்கியது. கொக்கியைச் சரிசெய்து, பையை நேராக நிமிர்த்தி, கோட்டைப் பார்த்து எழுதினாள். நானூற்றுப் பத்து.

அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு நாளா பாக்குறேன். இந்தப் பையை நேரா நிமித்தாம நீங்க ஒரு தடவைகூட எழுதினதில்லை. வீட்டுல வண்டியை எங்க நிறுத்துறீங்க?"

"வாசல்லதான்."

"வாசல் எப்படி? சமதளமா?"

அவள் வீட்டு வாசல் தெருவிலிருந்து ஏறும் சரிவு. மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று அவளே நின்று, கொத்தனாரிடம் ஒரு அடி உயர்த்திப் போடச் சொன்ன சரிவு. கார் அதில் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். ஆயில் பின்பக்கம் ஒதுங்கும். குச்சி இறங்குவது முன்பக்கம்.

"எழுநூறு மில்லி ஊத்தியிருக்கேன்" என்றாள் மெல்ல.

"நல்ல வேளை, டப்பா ஒண்ணுதான் வாங்கினீங்க" என்றார் லாரிக்காரர். "மேல இருக்குறதை இறக்காம ஓட்டாதீங்க. நுரைச்சுப் போகும்."

மதியம் மருத்துவமனைக்கு எதிரே இருந்த மெக்கானிக் பட்டறைக்கு வண்டியை உருட்டியே கொண்டுபோனார்கள். மெக்கானிக் அடியில் படுத்துத் திருகைத் தளர்த்தினார். குச்சி மேல்கோட்டைத் தொடும்வரை இறக்கியதை அவள் தன் ஜாடியால் அளந்தாள். ஐந்நூற்றுத் தொண்ணூறு.

"ஊத்தினது எழுநூறு, அதுக்கு முன்னாலயே நூறு குறைவு. கணக்குப்படி அறுநூறு வரணும்" என்றாள்.

"மீதி பத்து என் சட்டையில இருக்கு, பிழிஞ்சு தரவா?" என்றார் மெக்கானிக்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு வார்டுத் தொலைபேசி அடித்தது. தங்கை.

"அக்கா, நாளைக்கு வரேன்னு சொன்ன இல்ல... இவன் இன்னைக்கே கிளம்பிட்டான் போல. வலி பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது. இங்க கிளினிக் பூட்டியிருக்கு."

அவள் யாரிடம் என்ன சொல்லிவிட்டு இறங்கினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. ஏழாம் படுக்கையிலிருந்து "சமதளத்துல நிக்குதா?" என்று ஒரு குரல் மட்டும் பின்னால் வந்தது. வளாகம் சமதளம்தான். எஞ்சின் நான்கு மணி நேரமாக ஆறியிருந்தது. குச்சியை உருவினாள், துடைத்தாள், செருகினாள், எடுத்தாள். மேல்கோடு. பானெட்டை மூடினாள். நோட்டைத் திறக்கவில்லை.

அறுபத்திரண்டு கிலோமீட்டரும் அவள் கண் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் புகையைத் தேடிக்கொண்டே இருந்தது. புகை இல்லை. ஒரு லாரியின் பின்னால் பதினொரு நிமிடம் மாட்டிக்கொண்டாள். ஒன்று பத்துக்குத் தங்கை வீட்டு வாசல்.

தங்கை பையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஆயில் பாத்தியா?" என்றாள், வாரம் முழுக்கப் போனில் ஆயில் கதையைக் கேட்டிருந்தவள்.

"பாத்தேன்."

"எழுதினியா?"

"இல்லடி."

"எழுதாமலா வந்த?" தங்கை வலிக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள். "நோட்டைக் கொடு. வழியில நீ ரோட்டைப் பாரு, நான் எழுதுறேன்."

போன தடவை வாடகைக் காரில் தங்கை கத்திக்கொண்டே வந்தாளாம். இந்தத் தடவை பின் சீட்டில் பேனாவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வலிக்கும் காரின் கடிகாரத்தில் மணி என்ன என்று அக்காவிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். ஆயில் அளவுகளுக்குக் கீழே, கோணல் மாணலான கையெழுத்தில்:

1.34 வலி. 1.46 வலி. 1.57 பெரிய வலி. 2.06. 2.13. 2.19 அக்கா சிவப்பு விளக்கில் நிற்கவில்லை. 2.24. 2.28.

தன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுச் சாய்தளத்தில், மூக்கைத் தூக்கியபடியே வண்டியை நிறுத்தினாள். தங்கையைச் சக்கர நாற்காலியில் ஏற்றி உள்ளே தள்ளினார்கள். கதவு மூடிக்கொண்டது. வெளியே இருந்த பெஞ்சில் அவளால் உட்கார முடியவில்லை. நின்றாள், நடந்தாள், கதவில் காதை வைத்தாள். ஒரு காவலாளி வந்து, "வண்டியை எடுங்க, சிஸ்டர், வழியை மறிக்குது" என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் தலையை ஆட்டினாள், நகரவில்லை. கையில் அந்த நோட்டு சுருண்டு குழாய் மாதிரி ஆகியிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் மாதிரி. பிறகு ஓங்கி.

அவள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நோட்டைச் சுவரில் வைத்து நிமிர்த்தி, தங்கையின் கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்:

4.40. அழுதது.