திருவிழா விருந்தில் அண்ணன் குடித்த ஒயின்

எங்கள் அண்ணன் பிறந்தது மார்டள்ளி கிராமத்தில். அப்பா காலமானதும் பதினேழு வயதில் மைசூருக்கு வந்து, பெயின்ட் வேலை செய்து, என்னை ஆசிரியப் பயிற்சி வரை படிக்க வைத்தார்.

அவருக்குக் குடிப்பழக்கம் இருந்ததை இந்த நினைவு மலரில் மறைக்க எனக்கு மனமில்லை. நீங்கள் அறிந்ததுதான். அதை விட்டொழித்து ஆறு ஆண்டுகள் அவர் வாழ்ந்ததையும் அறிவீர்கள். ஞாயிறு திருப்பலிக்கு அண்ணிக்கு முன்பே கிளம்பி நிற்பார். ஆறாம் ஆண்டில், எங்கள் கோயில் முழுவதற்கும் கூலி வாங்காமல் வண்ணம் பூசிக் கொடுத்தார்.

அந்த ஆண்டு பங்குத் திருவிழா விருந்தில் ஒயினும் பீரும் கொடுப்பதென்று விழாக்குழு முடிவு செய்தது. நானும் அந்தக் குழுவில் இருந்தேன். குடியை விட்டவர்களும் வருவார்களே என்றேன். யாரையும் வற்புறுத்தப் போவதில்லை, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அதற்குமேல் நான் பேசவில்லை.

விருந்தில் அண்ணனுக்குச் சால்வை போர்த்தினார்கள். இவருக்காக எல்லோரும் சியர்ஸ் சொல்லுவோம் என்று குழுவில் ஒருவர் அவர் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த நான் சாம்பார் வாளியை வைத்துவிட்டு ஓடுவதற்குள் கிளாஸ் காலியாகிவிட்டது.

"மரியாத பண்றாங்க அம்மணி. எப்படி வேண்டாங்கறது?" என்றார்.

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அண்ணி கெஞ்சினார். மறுவாழ்வு இல்லத்தில் இருமுறை சேர்த்தோம். இருமுறையும் அவராகவேதான் சம்மதித்து வந்தார். திரும்பிய வாரமே குடித்தார். கல்லீரல் கெட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, அன்றைக்கு நான் தடுத்திருக்க வேண்டும் என்று அழுதேன்.

"நீ என்ன பண்ணுவ அம்மணி? வாங்குனது நாந்தான" என்றார்.

அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிகளுக்கும், மார்டள்ளியிலிருந்து பேருந்து பிடித்து வந்த சொந்தங்களுக்கும், கடைசிவரை வீடு தேடி வந்து செபித்த பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று கிளாஸைக் கொடுத்தவர்தான் சவப்பெட்டியின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தார். அவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவருக்கும் நன்றி.

இவ்வாண்டு விழாக்குழுக் கூட்டத்தில் குடியை விட்டவர்களும் வருவார்களே என்று நான் மறுபடியும் எழுந்து சொன்னேன். அண்ணனுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பிறகு உட்கார்ந்து, பீர் வேண்டாம், ஒயின் மட்டும் போதும் என்று முடிவு செய்தார்கள்.