தனக்கோடி வைத்த டீ

பெயருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, தனக்கோடி. இரண்டாயிரத்து நாலில் அவளுக்கு நாள்கூலி நாற்பத்தைந்து ரூபாய். அதே மேசையில் எதிரே நின்று அதே வேலை செய்த பாவாடை என்ற ஆளுக்கு எண்பது. விருத்தாசலத்தில் ஒரு பொம்மைக் கம்பெனி அது. அச்சில் களிமண் குழம்பை ஊற்றி, இறுகியதும் பிரித்து, பீங்கான் பிள்ளையார்களை முழுசாக வெளியே எடுப்பது இருவருக்கும் வேலை. ஆனால் பதிவேட்டில் பாவாடை வார்ப்பாளர், தனக்கோடி உதவியாள். யாருக்கு உதவி என்று பதினைந்து வருஷமாக யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வாய் இல்லாதவளா அவள்? குழாயடியில் அவள் வாயைத் திறந்தால் வரிசையில் நிற்கும் குடங்கள் தானாக நகர்ந்து வழிவிடும்.

கடைசியில் தொழிலாளர் சங்கம் கேட்டது. ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும், இத்தனை வருஷம் குறைத்துக் கொடுத்ததற்கு நஷ்டஈடும் வேண்டும் என்று பதினொரு பெண்கள் பெயரில் மனு போட்டது. சங்கத்துக்குத் துணைச் செயலாளர் தனக்கோடிதான். பதவி வந்த நாளிலிருந்து நடையே கொஞ்சம் மாறிவிட்டது என்பதை அவளே ஒப்புக்கொள்வாள்.

பெண்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று நேரில் பார்க்க லேபர் ஆபீஸர் வருவதாகத் தகவல் வந்தது. முதல் நாளே தனக்கோடி உத்தரவு போட்டாள்.

"நாளைக்கி எல்லாரும் நல்ல பொடவயா கட்டிக்கிட்டு வாங்க. ஆபீஸரு முன்னாடி சேறும் சகதியுமா நின்னு மானத்த வாங்காதீங்க."

கட்டிக்கொண்டு வந்தார்கள். நல்ல புடவையில் குழம்பைத் தொட முடியுமா? கொட்டகையைப் பெருக்கினார்கள், தண்ணீர் தெளித்தார்கள், சுவரோரம் வரிசையாக நின்றுகொண்டார்கள். ஆபீஸர் உள்ளே வந்தபோது ஆண்கள்தான் மும்முரமாக அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். துணைச் செயலாளர் எங்கே? வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவதா என்று டீ வைத்துக்கொண்டிருந்தாள். இஞ்சி வேறு தட்டிப் போட்டாள்.

ஆபீஸர் நல்ல மனிதர். கண்ணால் கண்டதை எழுதினார். ஆண்கள்: வார்ப்பு வேலை. பெண்கள்: பெருக்குதல், தண்ணீர் தெளித்தல், தேநீர் தயாரித்தல். தாளை அவர் நீட்ட, தனக்கோடி ஒரு வரிகூடப் படிக்காமல், பெயரை முழுசாக, கோணாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் கழித்து நகல் சங்கத்துக்கு வந்தது. பதினொரு பேரில் ஒருத்தியான வீரம்மாள் அதைச் சத்தமாகப் படித்தாள்.

"ஏன்க்கா, டீ நல்லா இருந்துச்சின்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்ல இந்த ஆளு?"

எல்லோரும் சிரித்தார்கள். தனக்கோடியும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்த்தான் அழுதாள். பதினொரு பேர் சோற்றில் தன் கையாலேயே மண்ணைப் போட்டாயிற்று. துணைச் செயலாளராம், துடைப்பச் செயலாளர் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

மறு ஆய்வு கேட்டு, கடலூர் லேபர் ஆபீஸுக்கு மனு மேல் மனு. பஸ்ஸில் இவள் தலையைப் பார்த்ததுமே கண்டக்டர் கடலூர் டிக்கெட்டைக் கிழிக்கிற அளவுக்கு அலைந்தாள். இரண்டு வருஷம் கழித்து அதே ஆபீஸர் வந்தார்.

இந்தத் தடவை பழைய புடவை, முழங்கை வரை குழம்பு. கம்பெனிக் கணக்குப்பிள்ளை வாசலில் நின்று, "யாராச்சும் சாருக்கு டீ வையுங்கம்மா" என்றார். ஒருத்தியும் திரும்பவில்லை. தனக்கோடிக்கு மட்டும் கால்கள் அடுப்புப் பக்கம் இழுத்தன. பாவம், வெயிலில் வந்த மனிதர். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அச்சில் ஊற்றினாள்.

ஆபீஸர் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். எழுதித் தாளை நீட்டினார்.

"படிச்சிக் காட்டுங்க சார். போன தடவ படிக்காம போட்டுட்டு நான் பட்ட பாடு போதும்."

அவர் படித்தார். "தனக்கோடி, வார்ப்பாளர். பதினேழு ஆண்டு அனுபவம். எதிரே நிற்கும் ஆண் தொழிலாளி செய்யும் அதே வேலை."

அதோடு வழக்கு முடிந்துவிடவில்லை. வாய்தா மேல் வாய்தாவாக இன்றும் நடக்கிறது. நஷ்டஈடு எப்போது வரும் என்று சங்கத்துக்கே தெரியாது. ஆனால் அன்றைக்குத் தனக்கோடி பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. துடைக்கலாமென்றால் கையெல்லாம் மண்.

"கோச்சிக்காதீங்க சார்," என்றாள். "இன்னொரு வாட்டி படிங்க."